தணிகாசலம் அளந்த சாராயக்கடை

எங்கள் தெருவில் குடிக்கிறவர் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் தணிகாசலம். மற்றவர்கள் யாரும் குடிப்பதில்லை. உடம்பு வலிக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள், சளிக்குச் சேர்த்துக்கொள்வார்கள், மைத்துனன் ஊரிலிருந்து வந்தால் மரியாதைக்கு வாய் நனைப்பார்கள். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டால், ஆற்றுப் பக்கம் காற்று வாங்கப் போனேன் என்பார்கள். தணிகாசலம் மட்டும், "சாராயம் குடிச்சிட்டு வரேன், வேற இன்னா?" என்பார். அதனால் ஆரணியில் பட்டு நெய்கிற அந்தத் தெரு முழுவதற்கும் ஒரே குடிகாரர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. அவரும் மறுக்கவில்லை.

எழுபத்தொன்றில் மதுவிலக்கை ஒத்திவைத்தார்கள். எழுபத்து நாலில் திரும்பக் கொண்டுவந்தார்கள். எண்பத்தொன்றில் மறுபடியும் கடைகளைத் திறந்தார்கள். எங்கள் தெரு எல்லாவற்றையும் மனதார வரவேற்றது. கடை திறந்தபோது, ஏழைத் தொழிலாளியின் அசதிக்கு விடிவு வந்தது என்று ஒரு பாராட்டுக் கூட்டம். மூடியபோது, தாய்மார்களின் கண்ணீருக்கு விடிவு வந்தது என்று இன்னொரு பாராட்டுக் கூட்டம். இரண்டுக்கும் தலைமை வேணுகோபால்தான். பேச்சில்கூடப் பாதிக்கு மேல் மாற்ற வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வேணுகோபாலைச் சொல்லியாக வேண்டும். தெருவில் பாதித் தறிகளுக்கு நீளவாட்டில் ஏற்றுகிற பாவு நூலும் ஜரிகையும் கொடுத்துப் புடவை வாங்கிக்கொள்கிற முதலாளி அவர். கடைகள் மூடியிருந்த வருஷங்களில் உடல்நலம் கெட்டவர்கள் பர்மிட் வாங்கிக் குடிக்கலாம் என்று இருந்தது. வேணுகோபாலுக்கு இதயம் பலவீனம் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பலவீனமான இதயத்தோடு அவர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்திலிருக்கும் திருமலைக்குப் போய், சமணக் கோயில் படிகளை மூச்சு வாங்காமல் ஏறி, மேலே நின்று கீழே வருகிறவர்களைக் கைதட்டிக் கூப்பிடுவார்.

பர்மிட் இல்லாதவர்களுக்கு மலையடிவாரத்திலிருந்து கள்ளச் சாராயம் சைக்கிள் டியூபில் வந்தது. அதில் என்ன கலந்திருந்தது என்று காய்ச்சினவனுக்கே தெரியாது. ஒருமுறை போலீஸ்காரர்கள் தெருவில் மறித்து எல்லோரையும் வாயை ஊதச் சொன்னார்கள். ஒருவன் வெங்காயம் தின்றதாகச் சொன்னான், ஒருவன் பல்வலிக்கு மருந்து வைத்ததாகச் சொன்னான். தணிகாசலம், "ஊதறது எதுக்கு? கேட்டா சொல்லிட்டுப் போறேன். குடிச்சிருக்கேன்" என்றார். அவரை மட்டும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள், குடியினால் வரும் கேட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அவர் மனைவி ஜெயம். தறியில் அவளுக்கும் ஓர் இடம் இருந்தது. அவர்கள் நெய்தது கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தறிக் குழியில் கால்விட்டு உட்கார்ந்து தணிகாசலம் குறுக்கு நூலைச் சுமக்கிற உடல் நாடாவை ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து ஜெயம் கரை நாடாவைத் தள்ளிவிடுவாள். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஓர் இழை ஏறும். ஒருவர் எழுந்தால் மற்றவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எண்பத்தொன்றில் ரங்கசாமி என்கிறவன் ஏலத்தில் எடுத்த சாராயக்கடை எங்கள் தெருவிலேயே திறந்தது. ஒரு பக்கம் பிள்ளையார் கோயில், கொஞ்சம் தள்ளிக் கடை, நடுவில் தணிகாசலத்தின் வீடு. தெருவுக்கு அது பெரிய சௌகரியம். தணிகாசலத்துக்கு அதைவிடப் பெரிய சௌகரியம். கால் மரத்துவிட்டது என்று எழுந்திருப்பார், ஒரு கிளாஸ். நாடாவில் தார் நூல் தீர்ந்துவிட்டது என்று எழுந்திருப்பார், இன்னொரு கிளாஸ். ஒவ்வொரு முறையும் ஜெயம் கரை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பத்து நாளில் தறியிலிருந்து அறுக்க வேண்டிய புடவை இருபது நாளானது. இழை சேர்க்கும் பலகையின் அடி ஒரு சமயம் நெருக்கமாகவும் ஒரு சமயம் கலகலவென்றும் விழுந்தது. வேணுகோபால் புடவையை விரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு இப்படி வந்தா பாவு தர மாட்டேன், தணிகாசலம். தறிய பிரிச்சி அடுப்புல வெய்யி" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஜெயம் புருஷனிடம் சண்டை போடவில்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இந்தக் கடை இங்கயே இருந்துதுன்னா நான் பெரணமல்லூருக்குப் போயிடுவேங்க. எங்கண்ணன் ஊட்டுல மாடு மேய்ச்சிகினு கெடப்பேன். நாடாவ கையில புடிச்சிகினு வாசலயே பாத்துகினு என்னால உக்காந்திருக்க முடியாது."

அண்ணன் வீட்டில் அண்ணி இருக்கிறாள், அவள் வாய் எப்படிப்பட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அங்கே போவதாக ஜெயம் சொல்கிறாள் என்றால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. தணிகாசலம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. ஆனால் கடை அங்கேதான் இருந்தது, மறுநாளும் கால் மரத்தது.

ஜெயமும் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். கோயிலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் சாராயக்கடை இருக்கக் கூடாது என்று விதி இருப்பதாக யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் போனது தெரிந்ததும் ஆண்கள் சும்மா இருக்க முடியுமா? உடனே கோயில் புனிதப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டானது. தலைவர் வேணுகோபால். குழுவின் முதல் கூட்டம் சாயங்காலம் நடந்தது. ரங்கசாமிக்குக் கண்டனம் நிறைவேற்றிவிட்டு, கூட்டத்துக்கு வந்தவர்கள் அப்படியே கடைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு வியாபாரம் நன்றாக இருந்ததாக ரங்கசாமியே சொன்னான்.

அளந்து பார்க்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வந்தார். வந்தவர் கையில் அளவுச் சங்கிலி இல்லை. அது செய்யாற்றுப் பக்கம் ஏதோ நிலத் தகராறுக்குப் போயிருந்தது. இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பினார். பெண்கள் ஜீப்பைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

அப்போது ரங்கசாமி ஒரு யோசனை சொன்னான். "இது இன்னா பெரிய பேஜாரு சார்? நெசவுக்காரத் தெருவுல அளக்கறதுக்கு சாமான் இல்லியா? நாலு பொடவப் பாவு இருபத்தஞ்சு மீட்டரு. ரெண்டு தபா வெச்சா அம்பது. பிள்ளையார்லருந்து புடிங்க. கடை வாசப்படிக்கு எட்டுச்சின்னா நான் காலி பண்ணிடறேன். எட்டலன்னா இவங்க ஜல்தியா ஊட்டுக்குப் போயிடணும்."

ரங்கசாமி முட்டாள் இல்லை. பாவைப் பிடிக்கப்போவது யார் என்று அவனுக்குத் தெரியும். தினமும் காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுகிற ஆண்கள்தான் பிடிக்க வேண்டும். அத்தனை பேரும் அவன் கடையில் உட்கார்ந்து மொச்சை தின்கிறவர்கள். பாவைக் கொஞ்சம் தொய்வாகப் பிடித்தால் போதும், ஒரு பாவுக்கு ஓர் அடி குறைந்தாலும் கடை தப்பித்துவிடும். எந்தச் சட்டத்திலும் தொய்வுக்குத் தண்டனை கிடையாது.

அளவுக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு வந்தபோது இரண்டு பக்கமும் தணிகாசலத்தின் பேரைச் சொன்னார்கள். அவர் பொய் சொல்ல மாட்டார் என்று பெண்கள் நம்பினார்கள். அவர் குடிக்காமல் இருக்க மாட்டார் என்று ரங்கசாமி நம்பினான். ஜெயம் மட்டும் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேணுகோபால் வீட்டிலிருந்து புதுப் பாவு வந்தது. மாம்பழ மஞ்சள். பிள்ளையார் கோயில் படியில் ஒரு முனையை வேணுகோபாலே பிடித்தார், மறு முனையைத் தணிகாசலம் பிடித்தார், நடுவில் இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து பேர் கம்புகளைத் தாங்கி நின்றார்கள். எல்லோர் முகத்திலும் பக்தி. எல்லோர் கையிலும் தொய்வு. இவ்வளவு ஒற்றுமையாக எங்கள் தெரு ஒரு காரியத்தைச் செய்து நான் பார்த்ததில்லை. பாவு நடுவில் இறங்கி இறங்கி, பிள்ளையார் வயிறு மாதிரி தொங்கியது.

ஆர்.ஐ. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு கோடு போடக் குனிந்தார்.

தணிகாசலம் பாவைப் பார்த்தார். நடுவில் அது மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆட்டுப் புழுக்கை. சின்ன வயசிலிருந்து தினமும் காலையில் பாவு பிடித்த மனுஷர் அவர். தொய்ந்த பாவைப் பார்த்தால் இழை சிக்கும், மண் ஒட்டும், முதலாளி வைவார் என்பதுதான் அவருக்குத் தெரியும். சாராயக்கடை, பெரணமல்லூர், பிள்ளையார், எல்லாம் அந்த நிமிஷம் அவருக்கு மறந்துபோனது.

"டேய், பாவு மண்ணுல பொரளுதுடா! கண்ணு அவிஞ்சிபோச்சா? இழுத்துப் புடிங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டார்.

அவ்வளவுதான். அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் இழுத்தன. யாரும் யோசிக்கவில்லை. காலையில் அந்தச் சத்தம் கேட்டதும் இழுத்துப் பழகின கைகள். வேணுகோபாலே பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பாவு விண்ணென்று நின்றது. பட்டு இழுத்தால் கொஞ்சம் கூடுதலாகவே நீளம் கொடுக்கும் என்பது நெசவாளிக்குத் தெரியும், ஆர்.ஐ.க்குத் தெரியாது. இரண்டாவது தடவையும் அதே இழுப்பு. இழுத்த பிறகு எதற்காக இழுத்தோம் என்று ஒவ்வொருவருக்கும் நினைவு வந்தது. தளர்த்தலாம் என்று பார்த்தால் ஆர்.ஐ. பார்த்துக்கொண்டிருந்தார். பாவின் முனை கடை வாசற்படியைத் தாண்டி உள்ளே போய் சாராய டிரம்மில் முட்டியது.

பெண்கள் குலவையிட்டார்கள். ஜெயம் அங்கேயே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். பாதுகாப்புக் குழுவினர் வெற்றி பெற்றவர்கள் எப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாமல் நின்றார்கள். ரங்கசாமி தணிகாசலத்திடம் வந்து, "உன்ன நம்பினேனே, பாவி" என்றான். தணிகாசலத்துக்கும் அழுகை வரும்போல் இருந்தது.

கடை ஒரு வாரத்தில் காலியானது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய சாயப்பட்டறைக் கொட்டகைக்குப் போனது. கொட்டகை வேணுகோபாலுடையது. பாதுகாப்புக் குழுத் தலைவரே இடம் கொடுக்கலாமா என்று பாஞ்சாலை கேட்டாள். "கோயிலுக்குப் பக்கத்துல குடுக்கலியேம்மா" என்றார் அவர்.

தெரு தணிகாசலத்தை மன்னிக்கவில்லை. அவருக்கு "ஆர்.ஐ." என்றே பேர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் பாலம் தாண்டி நடக்கிறவர்கள் கால் வலிக்கும்போதெல்லாம் அவரைத் திட்டினார்கள். அவரும் அவர்களோடுதான் நடந்தார்.

இனிமேல்தான் ஜெயத்தின் தலையில் இடி விழுந்தது. கடை பக்கத்தில் இருந்தபோது தணிகாசலம் போனால் கால் மணி நேரத்தில் திரும்புவார். இவ்வளவு தூரம் நடந்து போய் ஒரு கிளாஸோடு திரும்பினால் நடைக்குக் கட்டுப்படியாகுமா? மூன்றாகப் போட்டார். மூன்று போட்டால் உடனே நடக்க முடியுமா? பாலத்தடியில் படுத்தார். மத்தியானம் போனவர் விளக்கு வைக்கும்போது வந்தார். அரசாங்க விதி காப்பாற்றப்பட்டது, பிள்ளையாரின் புனிதம் காப்பாற்றப்பட்டது, ஜெயம் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் அவள் பாஞ்சாலையைக் கூப்பிட்டுக் கரைப் பக்கம் உட்காரவைத்தாள். கதவைச் சாத்தினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியில் இறங்கினாள். எங்கள் தெருவில் அதுவரை பெண்கள் குழியில் உட்கார்ந்ததில்லை. ஏன் கூடாது என்று கேட்டால், கூடாது என்பார்கள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்குக் கால் மிதி முதல் நாளே பிடிபட்டது, கை பத்து நாளில் வந்தது. அவள் அடி ஒன்றுபோல் விழுந்தது. புடவை குறித்த நாளில் அறுபட்டது. திரும்பி வந்த தணிகாசலம் மூடின கதவைத் தள்ளித் திறந்து, குழியைப் பார்த்துவிட்டு மூலையில் போய்ப் படுத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டால் மனிதன் குடியை விட்டுவிடுவான் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். அவர் மறுநாள் இன்னும் சீக்கிரமாகவே கிளம்பினார்.

வேணுகோபால் புடவைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து அசந்துபோனார். தணிகாசலத்துக்குக் கை நிதானம் வந்துவிட்டது, ஆகவே குடியை விட்டுவிட்டார், ஆகவே கடையை நகர்த்தியதால் பலன் கிடைத்துவிட்டது, ஆகவே அதற்குக் காரணம் தாம்தான் என்று படிப்படியாகப் போய் முடித்தார். வருகிற காந்தி ஜெயந்திக்கு மதுவிலக்கு விழாவில் தணிகாசலத்துக்குப் பொன்னாடை என்று நோட்டீஸ் போட்டாயிற்று.

"நீங்க பேசாத இருங்க" என்றாள் ஜெயம். "துண்ட போடுவாங்க, கும்புட்டுட்டு எறங்கி வந்துடுங்க. பொம்பள நெய்யறான்னு தெரிஞ்சா மொதலாளி பாவு தர மாட்டாரு. அப்பறம் நான் பெரணமல்லூருக்குத்தான் போவணும்."

"நான் ஏன் பேசப்போறேன்?" என்றார் தணிகாசலம்.

காந்தி ஜெயந்திக்குச் சாராயக்கடைகளுக்கு விடுமுறை. விவரம் தெரிந்தவர்கள் முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டார்கள். தணிகாசலத்துக்கு வாங்கி வைக்கிற வழக்கமில்லை, அவருக்கு ஒளித்துக் குடிக்கத் தெரியாது. ஆகவே அன்று சாயங்காலம் காந்தி படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களில் குடிக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வாயில் ஏலக்காய் மணத்தது. வரவேற்புரை சொன்னவர் மைக் கம்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டு பேசினார்.

வேணுகோபால் முக்கால் மணி நேரம் பேசினார். "குடியால அழிஞ்சிகினு இருந்த கை இன்னிக்குப் பொன்னா நெய்யுது" என்று புடவை ஒன்றை விரித்துக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. பொன்னாடையைப் போர்த்திவிட்டு மைக்கைத் தணிகாசலத்தின் முன்னால் நகர்த்தினார். "ரெண்டு வார்த்த சொல்லு தணிகாசலம். குடிய உட்டப்பறம் எப்படி இருக்குது?"

கேட்டால் சொல்லிவிடுகிற மனிதரிடம் கேட்டுவிட்டார். தணிகாசலம் பெண்கள் பக்கம் பார்த்தார். ஜெயம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நான் குடிய உடலீங்க" என்றார். மைக் கீச்சென்று கத்தியது. "தெனமும் குடிக்கிறேன். முன்ன போனா ஒரு கிளாஸு, இப்ப மூணு. இந்தப் பொடவ நான் நெய்தது இல்ல. என் பொண்டாட்டி ஜெயம் நெய்தது. குழியில எறங்கி அவதான் நெய்யறா. இந்தத் துண்ட அவளுக்குத்தான் போடணும்."

முன்வரிசையில் ஒருவன், "ஆர்.ஐ. ஏத்திகினு வந்துட்டாருடோய்!" என்று கத்தினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பொம்பளை குழியில் இறங்கி நெய்கிறாளாம்! காந்தி ஜெயந்தி அன்றைக்குமா என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வேணுகோபால் மைக்கைப் பிடுங்கினார். வரவேற்புரை சொன்னவர் தள்ளாடிக்கொண்டே வந்து தணிகாசலத்தின் தோளிலிருந்த பொன்னாடையை உருவி, "குடிகாரப் பசங்களுக்கு மேடையில இன்னாய்யா வேல?" என்று கீழே இறக்கிவிட்டார். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

ஜெயம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து புருஷன் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். பின்னாலேயே நான்கு பேர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டு வாசலில் தணிகாசலம் நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"நான் இன்னிக்கு தொட்டுக்கூட பாக்கல ஜெயம்."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "மேடையில என் பேரு சொன்னீங்க."

மறுநாள் காலையில் அவள் கதவைச் சாத்தவில்லை. வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, பாவாடைக் கயிற்றை இறுக்கிக்கொண்டு, குழியில் இறங்கினாள். பாஞ்சாலையைக் கூப்பிடவில்லை. "வந்து உக்காருங்க" என்று புருஷனுக்குக் கரைப் பக்கத்தைக் காட்டினாள். தணிகாசலம் உட்கார்ந்தார். தெருவில் பாவு பிடிக்க வந்தவர்கள் கம்பும் கையுமாக வாசலில் வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, வேணுகோபால் சட்டை பித்தான்கூடப் போடாமல் வந்து சேர்ந்தார்.

"கதவ சாத்தும்மா, நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க மொதலாளி. நேத்து சொன்னாரு, யாரும் நம்பல. கண்ணால பாக்கட்டும். பாவு தர மாட்டேன்னா இப்பவே சொல்லிடுங்க. இத அறுத்துக் குடுத்துட்டு நான் பெரணமல்லூருக்கு பஸ் ஏர்றேன்."

வேணுகோபால் குனிந்து தறியிலிருந்த புடவையை விரலால் தடவிப் பார்த்தார். கரையைப் பார்த்தார், அடியைப் பார்த்தார், மறுபடியும் தடவினார். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. மெட்ராஸ் கடைக்காரர்கள் இதே மாதிரி இன்னும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய பலவீனமான இதயம் நன்றாகவே வேலை செய்தது.

"ஆள்கிட்ட பாவு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தறி ஓடியது. வெயில் ஏறியது. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மத்தியானம் தெரு ஆட்கள் இரண்டு மூன்று பேராகப் பாலத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். ஒருவன் வாசலில் நின்று, "இன்னா ஆர்.ஐ., வரலியா?" என்றான். தணிகாசலம் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எங்கே போவதற்கும் அவளைக் கேட்டதில்லை.

"கொஞ்சம் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

ஜெயம் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் இழையில் இருந்தது.

"முந்தான முடியட்டும். நாடாவத் தள்ளுங்க" என்றாள்.

முந்தானை முடிய இன்னும் நான்கு நாள் ஆகும். அது அவருக்கும் தெரியும். வாசலில் நிற்கிறவனிடம் போகும்படி கையைக் காட்டிவிட்டு, தணிகாசலம் நாடாவைத் தள்ளினார்.